பைலட் லைசன்ஸ் 40 மணித்தியாலத்தில் முடியுமா? மலையிலிருந்து இறங்குமுன் ஒரு கணக்கு

"பைலட் படிக்க எவ்வளவு முடியும்?" என்று நம்ம பக்கத்தில் யாராவது கேட்டால், எந்த லைசன்ஸ் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பெரும்பாலான வீடுகளில் பைலட் என்றால் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டி, கட்டுநாயக்கவிலிருந்து கிளம்பும் பெரிய விமானம், அவ்வளவுதான். தனியார் விமானி உரிமம், எல்லாரும் சொல்கிற பி.பி.எல்., அந்தச் சட்டையைத் தராது. அதை வைத்துச் சிறிய விமானம் ஓட்டலாம், தம்பியையோ கூட்டாளியையோ ஏற்றிக்கொண்டு போகலாம், ஆனால் ஓட்டியதற்குக் கூலி வாங்கக்கூடாது. சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமென்றால் சி.பி.எல். என்கிற வர்த்தக விமானி உரிமம்; அதற்கு வயது 18, பறந்த நேரம் 200 மணித்தியாலம் (அங்கீகாரம் பெற்ற பாடநெறியாகச் செய்தால் 150), கூடவே முதலாம் வகுப்பு மெடிக்கல். ஜெட் விமானத்தில் கப்டனாக உட்கார அதற்கும் மேலான ஏ.டி.பி.எல். உரிமம், அதற்கு 1,500 மணித்தியாலம். இந்த ஏணியில் பி.பி.எல். முதல் பெரிய படி, ஆனால் வேலைக்குப் போக நினைக்காதவர்களுக்கு அதுவே கடைசிப் படியாகவும் இருக்கலாம். டொக்டர், கடை முதலாளி, வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் என்று ஆசைக்காகப் பறக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

சட்டம் கேட்பதைப் பார்த்தால் ரொம்ப எளிதாகத் தெரியும். ஐகாவோ என்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிதான் அடிப்படை, நம் நாட்டில் அதை நடைமுறைப்படுத்துவது சிவில் விமான சேவை அதிகார சபை. வயது 17 ஆகியிருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு மெடிக்கல் வேண்டும். 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறி என்றால் 35. அதில் 10 மணித்தியாலம் தனியாக, அதாவது சோலோ. அந்தப் பத்தில் 5 மணித்தியாலம் ஊர் விட்டு ஊர் போகும் சோலோ, அதற்குள்ளே குறைந்தது 150 கடல் மைல் நீளமான ஒரு பயணம், இடையில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று புறப்பட வேண்டும். எழுத்துப் பரீட்சைகள், ரேடியோ, கடைசியில் பரிசோதகரோடு ஒரு பறப்புச் சோதனை. அவ்வளவுதான் பட்டியல்.

சரி, அப்படியென்றால் 40-ஐ ஒரு மணித்தியாலக் கட்டணத்தால் பெருக்கினால் செலவு வந்துவிடுமே என்று தோன்றும். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 40 என்பது சட்டம் வைத்த கீழ் எல்லை. அதற்கு (அங்கீகரிக்கப்பட்ட பாடநெறி என்றால் 35-க்கு) குறைந்து யாருக்கும் லைசன்ஸ் கிடையாது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம், நாற்பதில் எல்லாரும் தேறிவிடுவார்கள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. உலகம் முழுக்கப் பெரும்பாலான மாணவர்கள் ஐம்பது, அறுபது, சில நேரம் எழுபதைத் தாண்டித்தான் சோதனைக்குப் போகிறார்கள். அந்தக் கூடுதல் மணித்தியாலங்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று பார்த்தால், திறமைக் குறைவால் வருவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் இடைவெளியால் வருவது.

விமானத்தைத் தரையில் இறக்குவது கையும் கண்ணும் சேர்ந்து பழகுகிற வேலை. ஓடுபாதைக்கு மேலே சில அடி உயரத்தில் மூக்கை எவ்வளவு தூக்குவது, எப்போது தூக்குவது என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஏற வேண்டும். இன்றைக்கு ஒரு மணித்தியாலம் சர்க்கிட் (கிளம்பி, ஓடுபாதையைச் சுற்றி வந்து, திரும்ப இறங்குவது) அடித்துவிட்டு நாளைக்கும் அடித்தால் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்று வாரம் கழித்து வந்தால் அந்த மணித்தியாலத்தில் பாதி பழையதை மீட்கவே போய்விடும். ஹட்டனில் வேலை, சனிக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்துக் கொழும்பு, ஐந்தாறு மணித்தியாலப் பயணம் முடிந்து களைத்துப்போய், பயிற்சி விமானங்கள் இருக்கும் இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கினால் வானத்தில் மழை மேகம், "இன்றைக்குச் சரிவராது, அடுத்த வாரம் பாருங்கள்" என்கிறார் பயிற்றுநர். அடுத்த வாரம் வானம் வெளிச்சம், ஆனால் விமானம் 100 மணித்தியாலப் பரிசோதனைக்குப் பட்டறையில். அதற்கடுத்த வாரம் தோட்டத்தில் திருவிழா. இப்படி ஒரு மாதம் போனால் யார் கையும் துருப்பிடிக்கும்.

இதோடு இன்னொரு விஷயம். காசு கணக்கிடப்படுவது நீங்கள் வானத்தில் இருந்த நேரத்துக்கு மட்டும் அல்ல. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மீற்றர் ஓடும். இரத்மலானை விமானப்படை, தனியார் கம்பனி, பயிற்சி விமானங்கள், உள்ளூர் பயணிகள் எல்லாரும் பாவிக்கிற இடம், மேலே கட்டுநாயக்கவின் பெரிய விமானங்களின் வான்வெளி. ஓடுபாதை முனையில் "ஹோல்ட்" என்று டவர் சொன்னால் புரொப்பெல்லர் சுற்றச் சுற்ற, காசு எரிய எரிய, காத்திருக்க வேண்டியதுதான். யாரையும் குறை சொல்ல இல்லை, அந்த இடத்தின் இயல்பு அது. ஆனால் கணக்குப் போடும்போது இதையும் போட வேண்டும்.

ஆகவே என் பேச்சு ஒன்றுதான்: மலையில் இருந்துகொண்டே முடிக்கக்கூடியதையெல்லாம் முடித்துவிட்டு, பறப்பதற்கு முழுக் காசையும் (அல்லது அதில் பெரும் பகுதியையாவது) சேர்த்து வைத்துக்கொண்டு, இரத்மலானைப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கித் தொடர்ச்சியாகப் பறந்து முடியுங்கள். மாதத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று சொட்டுச் சொட்டாகச் செய்வது மலிவு மாதிரித் தெரியும், கடைசியில் அதுதான் அதிகம் விழுங்கும்.

முதல் வேலை மெடிக்கல். பாடப் புத்தகம் வாங்குவதற்கும், பாடசாலைக்கு முற்பணம் கட்டுவதற்கும் முன்னால் இது. பி.பி.எல்.லுக்கு இரண்டாம் வகுப்பு போதும் என்றாலும், பிறகு வேலைக்குப் போகிற எண்ணம் மனதின் மூலையில் இருந்தால்கூட முதலாம் வகுப்பையே எடுத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். சிக்கல் வரக்கூடியது நிறப் பார்வையில். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டையைக் காட்டும்போதுதான் சிலருக்குத் தனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிவதில்லை என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியவரும். இருபது இலட்சம் கட்டிய பிறகு அது தெரிந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இரண்டாவது இங்கிலீஷ். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டதுமே பின்வாங்குகிறார்கள், அது தேவையில்லாத பயம். ஐகாவோ ஆறு நிலைகள் வைத்திருக்கிறது, ரேடியோவில் பேச நான்காம் நிலை போதும். பார்ப்பது ஆறு விஷயம்: உச்சரிப்பு, வசன அமைப்பு, சொல்வளம், சரளம், விளங்கிக்கொள்வது, பதில் சொல்வது. உங்கள் பேச்சில் நுவரெலியா வாடை அடித்தாலும் பரவாயில்லை, எதிரில் இருப்பவருக்கு விளங்க வேண்டும், அவர் சொன்னது உங்களுக்கு விளங்க வேண்டும். தவிர, ரேடியோ வசனங்கள் பெரும்பாலும் அச்சில் வார்த்தவை. டவர் "கிளியர்ட் டு லேண்ட், ரன்வே டூ டூ" என்றால் அதையே திருப்பிச் சொல்லிக் கடைசியில் உங்கள் விமானத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும். விளங்கவில்லையா, "ஸே அகெய்ன்", திரும்பச் சொல்லுங்கள். அதற்காக யாரும் சிரிக்க மாட்டார்கள், விளங்காமல் விளங்கியது போல "ரொஜர்" (கேட்டுக்கொண்டேன்) சொல்பவரைப் பார்த்துத்தான் பயிற்றுநருக்கு வயிறு கலங்கும். மூன்றை "ட்ரீ" என்றும் ஐந்தை "ஃபைஃப்" என்றும் சொல்ல வேண்டும் என்பது ரேடியோவின் சர்வதேச விதி, ஆக ஸ்கூலில் அப்படிச் சொல்லித் திட்டு வாங்கியவர்களுக்கு இங்கே மட்டும் முழு மார்க்.

மூன்றாவது பாடங்கள். விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், விமானத்தின் பொறி அமைப்பு, பறப்பின் தத்துவம், விமானத்தின் செயல்திறன், மனித உடலின் வரம்புகள், நடைமுறைகள், ரேடியோ. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்தது; படிக்காதவருக்கும் கஷ்டம் இல்லை, பெருக்கல் வகுத்தலும் முக்கோணமும் தெரிந்தால் போதும். இதைக் கொழும்பில் அறை வாடகை கட்டிக்கொண்டு படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பியூட்டரில் பறக்கும் விளையாட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செக்லிஸ்ட் வரிசை பழக அது நல்லது, ஆனால் அதில் ஊறியவர்கள் நிஜ விமானத்தில் வெளியே பார்க்காமல் மீற்றர்களையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். பயிற்றுநர்கள் துண்டுக் கடதாசியால் மீற்றர்களை மறைத்துவிட்டு "அடிவானத்தைப் பார்" என்று சொல்வது இந்தக் கூட்டத்துக்காகத்தான்.

வானிலையையும் செயல்திறனையும் படிப்பதற்கு மலைநாட்டை விட நல்ல இடம் இலங்கையில் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். இங்கே ஓடுபாதை இல்லை என்பது உண்மை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் வந்து இறங்குவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள், அது தவிர நமக்கு வாய்த்தது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் இல்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், 6,100 அடிக்குச் சற்று மேல். அங்கே பருப்பு வேக நேரமெடுப்பது ஏன்? காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 பாகை வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. அதே அழுத்தக் குறைவுதான் எஞ்சினையும் இறக்கையையும் புரொப்பெல்லரையும் ஒரே நேரத்தில் பலவீனப்படுத்துகிறது. கணக்கு இப்படிப் போகும்: கடல் மட்டத்தில் 15 பாகை என்றும், மேலே போகப் போக 1,000 அடிக்கு ஏறத்தாழ 2 பாகை குறையும் என்றும் ஒரு நியம வளிமண்டலத்தை வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நுவரெலியாவில் 3 பாகை இருக்க வேண்டும். நல்ல வெயில் நாளில் நண்பகலில் 20 பாகை இருந்தால் 17 பாகை கூடுதல். ஒவ்வொரு கூடுதல் பாகைக்கும் 120 அடி சேர்த்தால் 2,000 அடிக்கு மேல் வரும். ஆக, நிற்பது 6,100 அடியில் என்றாலும் விமானம் உணர்வது 8,100 அடிக்கு மேலே உள்ள மெல்லிய காற்றை. இதை அடர்த்தி உயரம் என்கிறார்கள். இரத்மலானைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 30 பாகை வெயிலில் கடல் மட்டத்து ஓடுபாதையே 1,800 அடி உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும்.

பயிற்சிக்கு உலகம் முழுக்கப் பாவிக்கும் செஸ்னா 152-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டே ஆசனம், 110 குதிரைவலு, விமானம், ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்துப் புறப்படக்கூடிய உச்ச எடை 757 கிலோ. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 700 அடிக்குச் சற்று மேல் ஏறும். அடர்த்தி உயரம் 8,000 அடி என்றால் எஞ்சின் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும், ஏறும் வேகம் நிமிடத்துக்கு 400 அடிக்குக் கீழே வந்துவிடும், தரையை விட்டுக் கிளம்ப ஓட வேண்டிய தூரமும் இரண்டு மடங்குக்கு நெருங்கும்.

இதைக் கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் வைத்துப் பாருங்கள், நம் எல்லாருக்கும் தெரிந்த பாதை. கொத்மலை நீர்த்தேக்கம் சுமார் 700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நுவரெலியா நேர்கோட்டில் 21 கிலோமீற்றர் வாக்கில். அதற்குள் நிலம் 3,800 அடி உயர்கிறது, சராசரியாகக் கிலோமீற்றருக்கு 180 அடி. நம் 152 அந்த உயரங்களில் நிமிடத்துக்கு இரண்டே கால் கிலோமீற்றர் போய்க்கொண்டு 400 அடி ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதுவும் கிலோமீற்றருக்கு 180 அடிதான். நிலமும் விமானமும் சரிக்குச் சரி. ஆனால் நிலம் சராசரியாக உயர்வதில்லையே, றம்பொடையில் கொண்டைஊசி வளைவுகள் தொடங்கும் இடத்திலிருந்து சுவர் மாதிரி எழும்புகிறதல்லவா. பள்ளத்தாக்குக்குள் நுழைந்து மேலே ஏறிவிடலாம் என்று நினைத்தவர் அந்த இடத்தில் திரும்பவும் அகலம் இல்லாமல், ஏறவும் வலு இல்லாமல் நிற்பார். நிற்பார் என்று சொன்னேன், விமானம் நிற்கவும் முடியாது. அதனால்தான் மலைக்குப் போகிறவர் தாழ்நிலத்திலேயே வட்டமடித்துத் தேவையான உயரத்தைச் சம்பாதித்துக்கொண்டு, முகட்டுக்கு மேலே 2,000 அடியாவது மிச்சம் வைத்து, நேராக மோதுவது போல் வராமல் சாய்வாக அணுக வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். சாய்வாக வந்தால் பிடிக்காதபோது சட்டென்று ஒதுங்கித் திரும்பலாம்.

காற்றும் அப்படித்தான். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வட்டவளை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மோதி ஏறும்போது ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வறண்டு சூடாகி இறங்குகிறது. இந்தப் பக்கம் வாரக் கணக்கில் துணி காயாது, அதே நாளில் வெலிமடையில் மண் பறக்கும். இன்னும் கீழே போய் மட்டக்களப்பில் அதைத்தான் கச்சான் என்கிறார்கள். தரையில் நிற்பவருக்கு அது வெறும் வறண்ட காற்று. விமானத்தில் இருப்பவருக்கு, மலையின் மறுபக்கத்தில் இறங்கும் காற்றோட்டம் அவர் விமானம் ஏறும் வேகத்தை விடக் கூடுதலாக அவரைக் கீழே தள்ளக்கூடும் என்று அர்த்தம். எஞ்சினை முழுவதுமாகத் திறந்துவிட்டும் உயரம் குறைந்துகொண்டே போகும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வேறு கதை: காலையில் கண்ணாடி போல இருக்கும் வானம் பகல் தாண்டியதும் இடிமேகமாகக் குவிந்துவிடும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறவருக்குத் தெரிகிற இந்த நேரக்கணக்கு, பறப்பவருக்கும் அதே கணக்குதான்.

பி.பி.எல். வைத்திருப்பவர் பறப்பது கண்ணால் பார்த்து. 10,000 அடிக்குக் கீழே பொதுவான விதி 5 கிலோமீற்றர் பார்வைத் தூரம், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றர், மேலும் கீழும் 1,000 அடி விலகல். நானுஓயாவில் பத்து மணிக்குக் கூட எதிரே வரும் பஸ் தெரியாத நாட்களை நினைத்துக்கொண்டால் இந்த எண்கள் மலைநாட்டில் எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்று விளங்கும். பனிமூட்டத்தில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது, வெளியே இருபது பாகை இருந்தாலும் எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேட்டருக்குள் ஐஸ் கட்டலாம். பெற்றோல் ஆவியாகும்போதும் காற்று ஒடுங்கிய துவாரத்தில் விரியும்போதும் உள்ளே வெப்பநிலை சடாரென்று இறங்கும், ஈரக் காற்றில் உள்ள நீர் அங்கேயே உறைந்து எஞ்சினின் மூச்சை அடைக்கும். அதற்குத்தான் கார்ப் ஹீட் என்ற இழுபிடி இருக்கிறது, வெப்பக் காற்றை உள்ளே அனுப்ப. குளிர்நாட்டு விஷயம் என்று நினைத்து இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. ஈரமான நம் ஊர்க் காற்றுதான் அதற்குத் தோதானது.

மலையில் நடந்த விபத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தா போகும் வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் டிசி-8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்த கன்னி மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. விமானத்தின் சக்கரம் ஒன்றை இன்றைக்கும் நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். எஞ்சின் கோளாறு காரணம் இல்லை. தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்தார்கள், விமான நிலையத்தை உண்மையில் இருந்ததை விட நெருங்கிவிட்டதாக எண்ணிப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். நான்கு எஞ்சின் ஜெட், அனுபவமுள்ள ஆட்கள், அவர்களுக்கே இது. 2020 ஜனவரி 3-ஆம் திகதி விமானப்படையின் வை-12 விமானம் ஹப்புத்தளையில் விழுந்து நான்கு பேர் இறந்ததும் நம் பக்கத்துக்கு மறக்காது.

பி.பி.எல். பாடத்தில் வழிகாணல் என்ற பகுதிக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்பதற்கு சப்த கன்னியே போதுமான விளக்கம். ஜி.பி.எஸ். இருக்கும் காலத்திலும் மாணவரைக் கையால் கோடு போட வைக்கிறார்கள். வரைபடம், பாகைமானி, வட்டக் கணிப்பான், கடிகாரம். இத்தனை நொட் (மணித்தியாலத்துக்கு இத்தனை கடல் மைல்) வேகம், இந்தத் திசையில் இவ்வளவு காற்று, ஆகவே இத்தனையாவது நிமிடத்தில் இந்த ஆற்று வளைவு இடப்பக்கம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நம் கணக்கு எங்கேயோ பிசகிவிட்டது, பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

வீட்டு மேசையில் நீங்களே செய்து பார்க்கலாம். இலங்கைப் படத்தில் இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். 120 கடல் மைல் வரும். அந்தக் கோட்டின் சரி நடுவில் பென்சிலை வைத்தால் கிட்டத்தட்ட விக்டோரியா அணைக்கட்டில் விழும். அதாவது கண்டி மலைகளைத் தாண்டி, வடக்கே 1,900 மீற்றர் வரை எழும் நக்கிள்ஸ் தொடர், தெற்கே நுவரெலியா மலைகள் என்று இரண்டுக்கும் நடுவால் போகிறீர்கள். என்ன உயரத்தில் போவீர்கள், அந்த உயரத்தை எங்கே வைத்து எடுத்து முடிப்பீர்கள், கண்டிக்கு மேலே மேகம் மூடிவிட்டால் எந்த இடத்தில் திரும்புவதென்று புறப்படுமுன்பே முடிவு செய்திருக்கிறீர்களா? இனி இரத்மலானையிலிருந்து தெற்கே விமான நிலையம் உள்ள கொக்கலைக்குக் கடற்கரையை ஒட்டிக் கோடு போடுங்கள். நேராக அளந்தால் 56 கடல் மைல், இடப்பக்கம் காலி நகருக்குப் போகும் வீதி, வலப்பக்கம் கடல், வழி தவறவே முடியாது. புதிய மாணவரை முதலில் எந்தப் பக்கம் அனுப்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் போய்வந்தால் 112 மைல்தான், அந்த 150 மைல் சோலோவுக்குப் போதாது, ஆகவே வீரவில மாதிரி மூன்றாவது ஓர் இடத்தையும் சேர்த்து முக்கோணமாகப் போட வேண்டிவரும். வீரவிலவிலிருந்து நேராகத் திரும்பினால் இறக்குவானை, சிங்கராஜக் காட்டு மலைகள் குறுக்கே நிற்கும். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் மலை கணக்குக்குள் வந்துவிடுகிறது.

இப்படி ஆறேழு பாதைகளைப் போட்டுப் பழகியவர் இரத்மலானைக்குப் போனால் அங்கே பயிற்றுநரோடு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பறப்பதற்கே போகும். அங்கே முதலில் கற்றுத் தருவது பறப்பதைக்கூட அல்ல, பறக்குமுன் சுற்றி வந்து பார்ப்பதை. விடியற்காலையில் இறக்கைக்குக் கீழே குந்தி, ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளையை வடிகுழாயில் அழுத்திக் கொஞ்சம் எரிபொருள் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். அவ்காஸ் 100 எல்.எல். இளநீல நிறம். அடியில் நிறமில்லாத ஒரு குமிழ் உருண்டுகொண்டு கிடந்தால் அது தண்ணீர், இரவு டாங்கியின் உட்சுவரில் வியர்த்து இறங்கியது. சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். குவளை முழுக்க நிறமே இல்லாமல் இருந்தால் சந்தோஷப்படக்கூடாது, முழுவதும் தண்ணீராகவே இருக்கலாம்.

அப்புறம் கட்டுப்பாடுகள், ஏற்றம், இறக்கம், திருப்பம், வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் ஸ்டோல், பிறகு சர்க்கிட், சர்க்கிட், மறுபடியும் சர்க்கிட். ஒரு நாள் பயிற்றுநர் எதிர்பாராமல் இறங்கிக் கதவைச் சாத்துவார். முதல் சோலோவில் எல்லாரையும் தூக்கிவாரிப் போடுவது விமானம் ஏறும் வேகம்தான். எழுபது எண்பது கிலோ ஆள் ஒருவர் குறைந்தால் அவ்வளவு சிறிய விமானத்துக்குப் பெரிய வித்தியாசம். வழக்கமான இடத்துக்கு வருமுன்பே சர்க்கிட் உயரம் வந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சின் நின்றால் இறங்குவது, வழிகாணல், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துக் கொஞ்சம் பறப்பு, சோதனை. இதில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை, தொடர்ந்து பறந்தால் தானாக வரும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். மணித்தியாலக் கட்டணம் ஏன் அடிக்கடி மாறுகிறது என்று கோபப்படுகிறவர்கள் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்காஸ் இறக்குமதி, செஸ்னா 152 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 23 லீற்றர் குடிக்கும். உதிரிப்பாகம் இறக்குமதி, காப்புறுதி டொலரோடு கட்டிய கயிறு. 2022-இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது பாதிப் பயிற்சியில் நின்றவர்கள் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் போட்டிருந்த ரூபாய்க் கணக்கு ஒரே வருடத்தில் செல்லாக்காசானது. தொடர்ச்சியாக முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: பயிற்சி எவ்வளவு காலம் இழுக்கிறதோ அவ்வளவு காலம் நீங்கள் டொலரோடு சூதாடுகிறீர்கள்.

அதற்காக முழுத் தொகையையும் முதல் நாளே தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காணியை வைத்துக் கடன் வாங்கி மொத்தமாகக் கட்டியது, இடையில் பிள்ளைக்கு மனம் மாறியதும் மிச்சத்தைத் திருப்பி எடுக்க அலைந்து திரிந்தார்கள். பத்து மணித்தியாலம், பத்து மணித்தியாலமாகக் கட்ட முடியுமா, விமானம் பட்டறையில் இருந்தால் மாற்று விமானம் உண்டா, விலகினால் மிச்சம் எத்தனை நாளில் வரும், பரீட்சைக் கட்டணமும் தரையிறங்கும் கட்டணமும் சேர்த்தா சேர்க்காமலா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கதவைத் தட்டுங்கள். சேருமுன் அறிமுகப் பறப்பு ஒன்று போய்ப் பாருங்கள், பிள்ளை தனியாகப் போவதைவிட அம்மா அப்பாவில் ஒருவர் பின்னால் போய் நின்று அந்த இடத்தைப் பார்ப்பது நல்லது. மகளை அனுப்பலாமா என்று தயங்குகிற வீடுகளுக்கும் இதே பதில்தான், போய்ப் பாருங்கள். விமானத்துக்கு ஓட்டுவது ஆணா பெண்ணா என்று தெரியாது, எடை மட்டும்தான் தெரியும்.

வெளிநாட்டில் செய்தால் சீக்கிரம் முடியும் என்ற பேச்சும் உண்டு. வானிலை நல்ல, விமானம் நிறைய உள்ள இடத்தில் வேகமாக முடியும், உண்மை. ஆனால் வெளிநாட்டு லைசன்ஸை இங்கே பாவிக்க அதிகார சபையிடம் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குத் தனிப் பரீட்சையும் செலவும் உண்டு. வெறும் பி.பி.எல். மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்தச் சுற்று தேவையில்லை என்பது என் எண்ணம். சி.பி.எல். வரை போகப் போகிறவர்கள், முதலாம் வகுப்பு மெடிக்கல் கையில் வந்த பிறகு, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். யாராக இருந்தாலும் பி.பி.எல். கணக்கில் நாற்பதுக்குப் பதிலாக அறுபது மணித்தியாலம் என்று போட்டு, தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கைக்காவலும் வைத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்குக் காணியையோ நகையையோ தொட வேண்டியிருந்தால் இரண்டு வருடம் தள்ளிப் போடலாம். 17 என்பது லைசன்ஸ் எடுக்கக்கூடிய குறைந்த வயதுதான், முப்பதில் தொடங்குகிறவர்களையும் இதே விதிதான் ஏற்றுக்கொள்கிறது.